அடங்கிய தீ

தீயைக் கொண்டு பிழைக்கும் ஊர் எங்கள் ஏழாயிரம்பண்ணை. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பெய்யாவிடில் தீப்பெட்டியும் பட்டாசுமே சோறு போடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்கள் பலவற்றின் நிலையும் இதுவே. ஆகையால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுத்தை அறியுமுன்னரே தீயை அறிந்துவிடுகிறார்கள். மருந்து எவ்வளவு? அதற்குத் தீ எப்போது எட்ட வேண்டும்? எரிந்தபின் மிஞ்சுவது எங்கே போய் விழுகிறது? இம்மூன்று கேள்விகளையும் எங்கள் பெரியவர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவற்றுள் ஒன்று பிசகினாலும் என்ன நேரும் என்பதை எங்கள் பக்கத்து வீடுகள் கண்ணீரோடு அறியும்.

பழைய காருக்கும் புதிய காருக்கும் என்ன வேறுபாடு என்று இளைஞர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. குளிர்சாதனம், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான், வழிகாட்டும் திரை என்று அவர்களே அடுக்கிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் உண்மையான மாறுதல் பானட்டின் அடியில் நிகழ்ந்திருக்கிறது. அங்கேயும் எரிவது தீதான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் அதே மூன்று கேள்விகளைத்தான் கார் எஞ்சினும் கேட்கிறது. கேள்விகள் அன்றும் இன்றும் ஒன்றே. விடை சொல்பவர்தாம் மாறிவிட்டார். அந்த மாற்றத்தைப் பற்றியே இங்குச் சில சொற்கள் எழுத விழைகிறோம்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். பட்டாசுக்கும் எஞ்சினுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பட்டாசு மருந்துக்குள்ளேயே, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் உப்பும் கலந்திருக்கிறது. அதனால்தான் காகிதச் சுருளுக்குள் இறுக மூடியிருந்தும் அது வெடிக்கிறது. பெட்ரோலுக்கு அந்த வசதி இல்லை. அது வெளியிலிருந்து காற்றை வாங்கியே எரிய வேண்டும். ஆகவே எஞ்சின் மூச்சு விடுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. மேலேறும்போது அவை அழுத்தப்படுகின்றன. பிளக்கிலிருந்து பொறி தெறிக்க, எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் அது மேலேறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கு அசைவுகளைக் கொண்ட எஞ்சினை ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் 1876-இல் இயக்கிக் காட்டினார். நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் கார்கள் அனைத்தும் இன்றளவும் அந்த நான்கு அசைவுகளின்மீதே ஓடுகின்றன.

நான்கு சிலிண்டர் கொண்ட கார் ஒன்று நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்று ஓடுகிறதென்று கொள்வோம். அதனுள் வினாடிக்கு நூறு முறை தீ பற்றுகிறது. ஆயிரம் வாலாச் சரம் ஒன்றின் வெடிகள் அத்தனையும் பத்தே வினாடியில் தீர்ந்துபோகும் வேகம் அது! இத்தனை தீயையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடக்கி, அதன்மேல் மனைவி மக்களை அமர்த்தி, நிம்மதியாகப் பேசிக்கொண்டே பயணம் செய்கிறோம் என்றால், அது வியப்பிற்குரியதன்றோ?

1886-இல் காருக்குக் காப்புரிமை பெற்றவர் கார்ல் பென்ஸ். ஆனால் அதை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலேயே, தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகின் முதல் நெடும்பயணத்தின் மெக்கானிக் ஒரு தாய் என்பதை, வண்டியென்றால் ஆண்பிள்ளை விஷயம் என்று ஒதுங்கும் நம் வீட்டுப் பெண்மக்கள் நினைவில் வைத்தல் நலம்.

நம் நாட்டிற்கு வருவோம். 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரால்தான் எங்கள் வட்டாரம் தொழில் வட்டாரமாயிற்று. எங்கள் ஊர்த் தெருக்களில் நாங்கள் அதிகம் கண்ட காரும் அந்தக் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்டதே. அதுதான் அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடியொற்றி 1950-களின் இறுதியில் வந்த அது, 2014 வரை செய்யப்பட்டது. அதன் நெடுநாளைய பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 50 குதிரைத்திறனும் கொண்டது. பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட், பின்னர் பத்மினி என்னும் பெயர் பூண்டது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்தது. இம்மூன்றும்தான் பல ஆண்டுகள் நம் நாட்டுக் குடும்பங்கள் அறிந்த கார்கள். பெரும்பாலோர் அவற்றைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. கல்யாணத்திற்கும் பிரசவத்திற்கும் வாடகைக்கு அமர்த்திக்கொண்டோம், அவ்வளவே.

எவ்வளவு?

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த அளவைக் கலந்து கொடுக்கும் பொறுப்பு அந்நாளில் கார்புரேட்டருடையது. வாசனைத் திரவியம் தெளிக்கும் குப்பியைப் பார்த்திருப்பீர்கள். விரைந்து செல்லும் காற்று, நுண்துளை வழியே திரவத்தை உறிஞ்சித் தூவுகிறது. கார்புரேட்டரின் தத்துவமும் அதுவே. அதில் மின்சாரமுமில்லை, கணக்குமில்லை. காற்று போகும் வேகமே பெட்ரோலின் அளவை முடிவு செய்யும்.

எளிமையான கருவி, ஆனால் சூழ்நிலை அறியாத கருவி. மார்கழிக் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும், பெட்ரோல் ஆவியாகாது. ஓட்டுநர் சோக்கைப் பிடித்திழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலை மிகுத்துக் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலிலோ நேர்மாறான தொல்லை. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, வண்டி நடுவழியில் நின்றுவிடும். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, வேப்பமர நிழலில் அரைமணி நேரம் காத்திருந்த பயணங்கள் எங்கள் தலைமுறையினருக்கு நன்றாகவே நினைவிருக்கும். கொடைக்கானலுக்குப் போனால் வேறு தொல்லை. மலை உச்சியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஏறியிருப்பது மலை என்று கார்புரேட்டருக்குத் தெரியாது; அது பெட்ரோலை அதற்கேற்பக் குறைப்பதில்லை. வண்டி கரும்புகை கக்கித் திணறும்.

இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் உண்டு. எவ்வளவு காற்று வருகிறது, அது எத்தனை சூடானது, ஓட்டுநரின் கால் எவ்வளவு மிதிக்கிறது என்றெல்லாம் சென்சார்கள் அளந்து சொல்ல, ஒரு சிறு கணினி கணக்கிட்டு, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தோடு முடிவு செய்கிறது. அதோடு நிற்பதில்லை, புகைக்குழாயிலும் ஒரு சென்சார் இருந்து, வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிச் சொல்கிறது. சமைத்தவளே ருசி பார்த்து உப்பைத் திருத்துவதுபோல, தான் கலந்த கலவையை எஞ்சின் தானே சோதித்துத் திருத்திக்கொள்கிறது. மார்கழியும் சித்திரையும் கொடைக்கானலும் அதற்கு ஒன்றே.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரை இந்த மாற்றத்தின் வாயிற்படி எனலாம். 796 கன சென்டிமீட்டரில் மூன்றே சிலிண்டர். கனம் குறைந்த எஞ்சின். முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பு. அதிலும் தொடக்கத்தில் கார்புரேட்டரே இருந்தது. எனினும் பெரிய எஞ்சினே வலிய எஞ்சின் என்னும் எண்ணத்தை அது உடைத்தது. 1990-களின் பிற்பகுதியில் இன்ஜெக்டர் கொண்ட கார்கள் பரவின. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் செய்யத் தொடங்கிய சான்ட்ரோவும் அத்தகையதே. இன்று ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள சிறு எஞ்சின், 65 குதிரைத்திறனும் அதற்கு மேலும் தரவல்லது. ஒன்றரை லிட்டர் அம்பாசிடர் தந்ததோ 50! லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடினாலே மகிழ்ந்த காலம் போய், அதைப்போல் இருமடங்கை எதிர்பார்க்கும் காலம் வந்திருக்கிறது.

எப்போது?

திரி நீளமானால் வெடி தாமதமாகும். குட்டையானால் கையைச் சுடும். எஞ்சினிலும் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே பொறி தெறிக்க வேண்டும். ஏனெனில் தீ பரவச் சிறிது நேரம் பிடிக்கிறது. வேகம் கூடக் கூட, பொறியும் முந்த வேண்டும். பழைய வண்டிகளில் இந்த வேலையை டிஸ்டிரிபியூட்டர் செய்தது. அதற்குள் பாயிண்ட் என்னும் இரு உலோகத் துண்டுகள் ஒட்டிப் பிரியும்போதெல்லாம் பிளக்கில் பொறி தெறிக்கும். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓட ஓட அது தீயும், தேயும். அப்போது எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எதைக் கொண்டு சுத்தம் செய்வார்கள் தெரியுமா? தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, பாயிண்டுகளுக்கிடையே நுழைத்துத் தேய்ப்பார்கள். எங்கள் ஊர்த் தொழிலே காருக்கு மருந்தாயிற்று என்று பெருமை பேசிக்கொள்வோம்.

நேரம் தவறினால் வரும் தண்டனையையும் பார்த்திருக்கிறோம். செல்ஃப் எடுக்காத வண்டிக்கு முன்புறமிருந்து ஹேண்டில் போட வேண்டும். பொறி முந்திவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும்; ஹேண்டிலைப் பிடித்தவரின் மணிக்கட்டு முறிந்துவிடும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒருபுறமாகவே வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர்கள் தம் கிளீனர் பையன்களுக்குச் சொல்லித்தரும் முதற்பாடம். அமெரிக்காவில் 1912-இலேயே காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது; எனினும் வலுவிழந்த பேட்டரியை நம்பமுடியாத நம் வண்டிகளில், ஹேண்டில் இன்னும் பல பத்தாண்டுகள் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

இன்றோ டிஸ்டிரிபியூட்டரும் இல்லை, பாயிண்டும் இல்லை. எஞ்சினின் சுழற்சியைச் சென்சார் கண்காணிக்க, ஒவ்வொரு பொறிக்கும் உரிய கணத்தைக் கணினியே குறிக்கிறது. அழுத்தம் மிகுந்து தீ ஒழுங்காகப் பரவாமல் படாரென்று வெடித்தால், எஞ்சினில் தட்டும் ஓசை எழும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதையே. அதைச் செவிமடுக்கவும் ஒரு சென்சார் இருக்கிறது. தட்டல் கேட்ட மறுகணமே பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திவிடும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்தியதால் எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அங்கும் டீசலை எப்போது, எத்தனை தவணைகளில் பீய்ச்சுவது என்பதைக் கணினியே இன்று தீர்மானிக்கிறது.

எஞ்சுவது எங்கே?

மூன்றாம் கேள்வியைத்தான் உலகம் நெடுநாள் கேட்காமலே இருந்தது. நாக்கிங்கைத் தடுக்க 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஒரு வழி கண்டார். ஈயம் கலந்த ஒரு பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்கியது. எஞ்சினுக்கு நல்லதாய்ப் போயிற்று. ஆனால் அந்த ஈயம் புகையோடு வெளியேறித் தெருவில் படிந்தது. ஈயம் நஞ்சு. அதிலும் வளரும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. பல பத்தாண்டுகள் உலகெங்கும் பிள்ளைகள் அதைச் சுவாசித்தனர். நாமும் சுவாசித்தோம்.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்ட பெட்டி அது. நச்சு வாயுக்களைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடும். ஈயம் பட்டால் அந்தப் பெட்டி கெட்டுவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதை விட்டொழித்தது. எஞ்சின் வரலாற்றில் எது பெரிய வெற்றி என்று எங்களைக் கேட்டால், வேகத்தையும் திறனையும் சொல்லமாட்டோம், இதையே சொல்வோம்.

பின்னர் பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக இறுகின. 2017 ஏப்ரலில் நான்காம் படி நாடெங்கும் வந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரலில் ஆறாம் படி வந்தது. பெட்ரோலிலும் டீசலிலும் பத்து லட்சம் பங்கில் 50 பங்காக இருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. அதற்காக இதுவே முழுத் தீர்வு என்று எண்ணிவிடலாகாது. பெட்ரோல் எரியும்வரை கார்பன் டை ஆக்சைடு வெளிவந்துகொண்டுதான் இருக்கும். உலகம் சூடேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காதும் கருவியும்

இவ்வளவு நன்மைகள் இருந்தும், இழந்தது ஒன்றுமில்லையா? உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். நீண்ட ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைத் தம் காதருகேயும் வைத்து, மருத்துவர் நெஞ்சைச் சோதிப்பதுபோல் கேட்பார். "வால்வு இடைவெளி கூடிப்போச்சு", "ரெண்டாவது பிளக்கு மிஸ் அடிக்குது" என்பார். பெரும்பாலும் அப்படியே இருக்கும். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. இளவயதில் பட்டறையில் சேர்ந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, கையால் கற்றது. அவரை நம்பி ஒரு குடும்பம் வாழ்ந்தது. அவரிடம் பயின்ற பையன்களின் குடும்பங்களும் வாழ்ந்தன.

புதிய கார்கள் வந்தபின் அவரது பட்டறையில் கூட்டம் குறைந்தது. மூடி முத்திரையிட்ட கருவிகள். பழுதானால் திறந்து பார்ப்பதற்கில்லை, கழற்றி எறிந்து வேறு மாட்டுவதே வழி. சிறு பழுதுக்கும் பெரும் செலவு. அண்ணாச்சி மனம் தளர்ந்திருந்த நாளில், ஐ.டி.ஐ. படித்த அவர் மகன் ஸ்கேனர் ஒன்று வாங்கி வந்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் மாட்டினால், எஞ்சின் தன் நோயைத் தானே எண்களாகச் சொல்லும்.

ஒரு நாள் எங்கள் உறவினர் ஒருவரின் கார் குலுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மகன் ஸ்கேனரைப் பார்த்து, "அப்பா, மூணாவது சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு காட்டுது. காயிலை மாத்தணும் போல" என்றான். அண்ணாச்சி பதில் சொல்லாமல் குனிந்து, விரலால் ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே போனார். "காயில் நல்லாத்தான் இருக்குய்யா. எலி வயரைக் கடிச்சு வச்சிருக்கு பாரு" என்றார். ஒரு சாண் வயரோடு வேலை முடிந்தது. நோய் எந்த அறையில் என்று கருவி சொல்லியது. நோய் எது என்று கை கண்டது. இன்று அந்தப் பட்டறையில் இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். தந்தை மகனிடம் எண்களைக் கற்கிறார். மகன் தந்தையிடம் கேட்கக் கற்கிறான். தொழில் மாறும் காலத்தில் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும் வழி இதுவென்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கைத்தொழில் கற்ற மூத்தோரைப் பழையவர்கள் என்று ஒதுக்குவதும், புதிய கல்வியைப் பொம்மை விளையாட்டு என்று இகழ்வதும், இரண்டுமே கேடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும், நாம் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். முன்பெல்லாம் காலையில் பானட்டைத் திறந்து, எண்ணெயும் தண்ணீரும் பார்க்காமல் யாரும் வண்டியை எடுக்கமாட்டார்கள். இன்று பானட் எப்படித் திறக்கும் என்றே பலருக்குத் தெரியாது. கணினி பெட்ரோலை அளக்கும். தீர்ந்துபோன எண்ணெயை அது ஊற்றாது. எண்ணெயின் அளவை அடிக்கடி பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். புகைச் சோதனையைக் காலத்தில் செய்யுங்கள். முக்கியமாக, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லும். எத்தனை புதிய காரானாலும் இந்த விதி மாறாது.

இப்போது மற்றொரு திருப்பம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில், எங்களுக்குத் தொலைவில்லாத தூத்துக்குடியில், வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மின்சாரக் காரில் பிஸ்டனில்லை, பிளக்கில்லை, புகைக்குழாயில்லை. தீயே இல்லாத கார்! எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் நாளை தீயை விட்டு அந்த வேலைக்குப் போகலாம். ஆனாலும் மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் உண்டாக்கப்பட வேண்டும். அது நிலக்கரியை எரித்து வந்தால் தீ காரைவிட்டு வேறிடம் போயிற்று, அவ்வளவே. பேட்டரிக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலும் அளவு மீறினால் தீப்பிடிக்கும். ஆயுள் முடிந்த பேட்டரியை எங்கே போடுவது என்பதும் புதியதொரு கவலை.

எனவே எவ்வளவு, எப்போது, எஞ்சுவது எங்கே என்ற கேள்விகளை எந்தக் கருவி வந்தாலும் நாம் விட்டுவிடலாகாது. விடையைக் கணினி சொல்லட்டும். கேட்கும் கடமை நம்முடையதே. அதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போமாக. வரும் ஞாயிறு மாலை, மகனையும் மகளையும் அருகில் அழைத்து, நின்று ஆறிய வண்டியின் பானட்டைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பி எது, தண்ணீர் ஊற்றும் இடம் எது என்று காட்டிக் கொடுங்கள். அரைமணி நேரமே ஆகும்.